நின்றுபோன நிலையங்கள் - 9: தேயிலை இறங்கிய மலை

போடியிலிருந்து குரங்கணி வழியாக மலை ஏறினால் மூன்று ஸ்டேஷன்கள் உண்டு. அடிவாரத்தில், கோட்டகுடிப் பக்கம் இருந்தது பாட்டம் ஸ்டேஷன். பாதி மலையில் சென்ட்ரல் ஸ்டேஷன். உச்சியில் டாப் ஸ்டேஷன். மூன்றிலும் இன்று ரயில் கிடையாது. முதல் இரண்டிலும் எந்தக் காலத்திலும் ரயில் நின்றதில்லை. மூன்றாவதில் மட்டும் 1908 முதல் 1924 வரை ஒரு குட்டி ரயில் வந்து நின்று, சுமையை இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

போன வாரம் தனுஷ்கோடியைப் பார்த்தோம். இந்த வாரம் கடலை விட்டு மலைக்கு வந்திருக்கிறோம். ஆனால் இந்த நிலையத்தின் கதையை முடித்ததும் தண்ணீர்தான்.

டாப் ஸ்டேஷன் பலருக்கும் சுற்றுலா இடமாகத்தான் தெரியும். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக 32 கிலோமீட்டர். 1,700 மீட்டருக்கு மேல் உயரம். போய் நின்றால் காலடியில் மலை செங்குத்தாக அறுந்து, தேனி மாவட்டத்துச் சமவெளி வெயிலில் பரந்து கிடக்கும். மேகம் நமக்குக் கீழே போகும். படம் எடுத்துக்கொண்டு, மிளகாய்த்தூள் தூவிய கேரட் தின்றுவிட்டு, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள். நான் முதல்முறை போனபோது, முன் சீட்டில் இருந்த சிறுவன் பஸ் நின்றதும் எட்டிப் பார்த்து, "ஸ்டேஷன் எங்கப்பா?" என்று கேட்டான். "பஸ் ஸ்டேஷன்டா, இறங்கு" என்றார் அப்பா. பையன் நம்பவில்லை. இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்த வாரக் கட்டுரை.

இந்த ரயிலைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு விஷயத்தை மனதில் திருப்பிப் போட வேண்டும். இன்று மூணாறுக்குப் போகிற பெரும்பாலோர் மேற்கிலிருந்து, கொச்சி வழியாகத்தான் போகிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த மலைத் தோட்டங்களின் பெரிய வாசல் கிழக்கே இருந்தது. மலையாளக் கரையில் இறங்க வேண்டுமென்றால் அடர்ந்த காட்டையும் ஆறுகளையும் நாள்கணக்கில் கடக்க வேண்டும். கிழக்குப் பக்கம் மலை சடாரென்று இறங்கிவிடும்; இறங்கிவிட்டால் போடி. போடிக்கு அப்பால் வண்டிப் பாதை, சந்தை, அரிசி, ஆள், துறைமுகம் எல்லாம் உண்டு. மூணாறின் அடுப்பில் கொதித்த உலை போடியிலிருந்து வந்த அரிசியை நம்பித்தான் இருந்தது.

இந்தக் கிழக்கு வழி வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்ததும் கிடையாது. அந்த மலையில் வாழும் முதுவர்கள், தங்கள் முன்னோர்கள் மதுரையை விட்டு வந்தவர்கள், தெய்வத்தையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்துகொண்டு மலையேறியவர்கள் என்று சொல்வார்கள். அப்படி முதுகில் சுமந்ததால்தான் முதுவர் என்ற பெயர் வந்தது என்பது அவர்கள் வழக்கு. கண்ணன், தேவன் என்ற இரண்டு முதுவர் தலைவர்களின் பெயரால்தான் அது கண்ணன் தேவன் மலை ஆயிற்று. இன்று கடையில் விற்கும் தேயிலைப் பொட்டலத்தில் இருப்பதும் அந்தப் பெயர்கள்தான். மலையின் உரிமையை வைத்திருந்த பூஞ்ஞாறு அரச குடும்பமும் தங்களைப் பாண்டிய வம்சம் என்று சொல்லிக்கொண்டது. மதுரை மீனாட்சியைக் குலதெய்வமாகக் கும்பிட்டது.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து இந்த மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். பரப்பு ஏறக்குறைய 1,36,000 ஏக்கர். 1879இல் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். காப்பி, சிங்கோனா என்று எதையெல்லாமோ நட்டுப் பார்த்தார்கள். 1880இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார். அது பிடித்துக்கொண்டது. 1890களின் நடுவில் ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி உள்ளே வந்தது. 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகு மலையில் காடு குறைந்து தேயிலை கூடிக்கொண்டே போனது.

தேயிலை கூடியதும் பிரச்சினையும் கூடியது. கொழுந்தைப் பறித்து, வாட்டி, நசுக்கி, புளிக்கவிட்டு, உலர்த்தித் தூளாக்குவது எல்லாம் மலையிலேயே நடந்துவிடும். அதை லண்டனுக்கு அனுப்ப வேண்டும். தேயிலைத்தூள் பொல்லாத சரக்கு. பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் உறிஞ்சும். காற்றில் ஈரம் இருந்தால் அதையும் உறிஞ்சும். அதனால் மரப்பெட்டிக்குள் ஈயத்தகடு ஒட்டி, தூளை நிரப்பி, மேல்தகட்டையும் வைத்துப் பற்றவைத்து மூடி, அதன்மேல் மரமூடியை அறைவார்கள். பெட்டியே ஒரு கனம், தூள் ஒரு கனம். அந்தப் பெட்டி மூணாறிலிருந்து மலை விளிம்புவரை வந்து, விளிம்பிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கி, போடி போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் ரயிலடிக்குப் போய், தூத்துக்குடித் துறைமுகம் சேர வேண்டும். எதிர்த்திசையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு அரிசி ஏற வேண்டும். இரண்டையும் ஆரம்பத்தில் சுமந்தது மனுஷத் தலையும் மாட்டு முதுகும்தான்.

1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு வண்டிப் பாதை போட்டு, அதன்மேல் ஒரு விசித்திரமான வண்டியை ஓட விட்டார்கள். ஒற்றைத் தண்டவாள வண்டி. இன்று மோனோ ரயில் என்றால் தூணுக்கு மேல் ஓடும் மின்சார வண்டிதான் நினைவுக்கு வரும். இது வேறு ஜாதி. யூயிங் முறை என்று பெயர். தரையில் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் அடியில் ஒரு வரிசையாகச் சின்னச் சக்கரங்கள்; அவை தண்டவாளத்தில் உருளும். வண்டி கவிழாமல் இருக்க, ஒரு பக்கம் கைபோல ஒரு சட்டம் நீட்டி, அதன் முனையில் ஒரு பெரிய சக்கரம். அந்தச் சக்கரம் சாதாரண சாலையில் உருளும். சுமையில் 100க்கு 95 பங்குக்கு மேல் தண்டவாளத்தின்மீதே இறங்கிவிடும். சாலைச் சக்கரம் சும்மா தோள் கொடுப்பதுதான். இரும்பின்மேல் உருள்வதால் வண்டி லேசாக நகரும். இரண்டு தண்டவாளத்தை ஒரே மட்டத்தில், ஒரே இடைவெளியில் பதிக்கும் வேலை மிச்சம். வளைவுகள் நிறைந்த மலைப்பாதைக்குப் பொருத்தமான யோசனை.

வண்டியை இழுத்தவை காளைகள். தண்டவாளத்தில் ஓடும் வண்டி, காளைமாட்டு நுகத்தடியில்! இரும்பு யுகத்துக்கும் மாட்டுவண்டி யுகத்துக்கும் நடுவில் அந்த ஆறு வருஷம் நின்றுகொண்டிருந்தது. இதே யூயிங் முறையில் பஞ்சாபில் பட்டியாலா சமஸ்தானமும் ஒரு ரயில் விட்டது. அது 1907இல்தான் தொடங்கியது. மூணாறு மலை ஐந்து வருஷம் முந்திவிட்டது. பட்டியாலா வண்டியின் எஞ்சின் ஒன்றை டில்லி ரயில் மியூசியத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மூணாறின் காளை ரயிலைப் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1908இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, 2 அடி அகல இருப்புப்பாதை போட்டு நீராவி எஞ்சினை விட்டார்கள். டார்ஜிலிங் மலை ரயிலின் அகலமும் அதே 2 அடிதான். அதே 1908இல் நமது நீலகிரி ரயில் குன்னூரைத் தாண்டி ஊட்டியைத் தொட்டது. தென்னாட்டின் இரண்டு மலைகளில் ஒரே வருஷத்தில் புகை கிளம்பியிருக்கிறது. ஊட்டி ரயிலை உலகத்துக்கே தெரியும். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை மூணாறிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது.

பாதை மூணாறில் தொடங்கி, மாட்டுப்பட்டி, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை. அதற்கு மேல் ரயில் போக வழியில்லை, பூமியே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கோட்டகுடிக்கு ரோப்வே. விளிம்பிலிருந்து அடிவாரம் வரை ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு இரும்பு வடம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். தேயிலைப் பெட்டிகள் அந்த வடத்தில் தொங்கிக்கொண்டு கீழே இறங்கின. எஸ்டேட்டுக்கு வேண்டிய சாமான்கள் மேலே ஏறின. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே இந்த ரோப்வேயின் மேல்முனை என்பதால் வந்ததுதான். கீழ்முனை பாட்டம் ஸ்டேஷன். ஆக அந்த ஊர் இரண்டு விதத்தில் ஸ்டேஷன். கம்பிவடத்துக்கு முதல் ஸ்டேஷன், தண்டவாளத்துக்குக் கடைசி ஸ்டேஷன். இரண்டும் கை மாற்றிக்கொண்ட இடம்.

அந்தக் கை மாற்றும் இடத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். பெட்டிகள் தானாக ரயிலிலிருந்து இறங்கி வடத்தில் தொங்கவில்லை. ஒவ்வொன்றையும் யாரோ தூக்கியிருக்கிறார்கள். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு, போடி வழியாக நடந்தே மலையேறியவர்கள் அவர்கள். சமவெளி வெயிலில் பிறந்தவர்களுக்கு அந்தப் பனியும் காற்றும் என்ன பாடுபடுத்தியிருக்கும்! விளிம்பில் நின்றால் சொந்த ஊர் இருக்கிற திசை கண்ணுக்குத் தெரியும். முன்பணக் கடன் அடையாமல் இறங்கிப் போக முடியாது. மன்றோ பெயரும் ஷார்ப் பெயரும் புத்தகத்தில் இருக்கின்றன. தண்டவாளம் பதித்தவர்கள், காளை ஓட்டியவர்கள், பெட்டி தூக்கியவர்கள் ஒருவர் பெயரும் என் கண்ணில் படவில்லை. இந்தத் தொடரில் எந்த நிலையத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் இந்த இடத்தில் வந்து மனசு முட்டிக்கொள்கிறது.

அப்புறம் 1924 ஜூலை.

கேரளத்தில் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே இன்றும் சொல்கிறார்கள். கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடக மாதம், நமக்கு ஆடி. மூன்று வாரம்போல விடாத மழை. அதே ஆடியில் காவிரியும் கொள்ளிடமும் கரைபுரண்டதைத் தஞ்சை, திருச்சிப் பக்கத்துக் குடும்பங்களில் தாத்தா காலத்துக் கதையாக இன்னும் கேட்கலாம். மூணாறு என்ற பெயரே மூன்று ஆறு கூடும் இடம் என்பதால் வந்தது. முதிரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை. சாதாரண நாளில் அழகு சேர்க்கிற அந்தக் கூடல், அந்த ஜூலையில் ஊரை விழுங்கியது. மலைகள் சரிந்தன. மண்ணும் வேரோடு சாய்ந்த மரங்களும் வெள்ளத்தோடு சேர்ந்து இறங்கின. ரயில் பாதை ஆற்றை ஒட்டியே ஓடிய பாதை. பள்ளத்தாக்கில் வேறு இடமும் கிடையாது. தண்டவாளம், பாலம், கரை எல்லாம் போயின. பழைய மூணாறு சிதைந்தது. மேற்கே மாங்குளம் வழியாக ஆலுவாவுக்குப் போன பழைய சாலையும் மலைச்சரிவில் அழிந்தது. மலைக்கு இருந்த இரண்டு வாசலும் ஒரே மாதத்தில் அடிபட்டன.

ரயிலை மறுபடி போடவில்லை. 16 வருஷம் ஓடிய ரயில் அத்தோடு சரி. மேற்கில் அடிமாலி வழியாகப் புதிய சாலை அமைத்து 1931இல் திறந்தார்கள். அந்தச் சாலை வந்த பிறகு மூணாறு மெல்ல மெல்ல முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டது. இன்றைக்கு அந்த ஊர் கொச்சியைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு 1924 வெள்ளம் ஒரு பெரிய காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துவது போடிதான். மலைமேல் ரயில் ஓடிய காலம் முழுக்க போடிக்கு ரயில் இல்லை. தேயிலை உச்சியில் ரயிலில் வந்தது, வடத்தில் இறங்கியது, இறங்கியதும் மாட்டுவண்டியில் ஏறியது. ரயிலைப் பார்க்க மலையைவிட்டு இறங்குவதுதான் உலக வழக்கம். போடிக்காரர்கள் மலை ஏறியிருக்க வேண்டும். மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதை வந்தபோது வருஷம் 1928. மேலே ரயில் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நடுவில் ஒரு ரோப்வேயும், அதன் அடியிலிருந்து போடி வரையிலான வண்டிப் பாதையும் மட்டுமே இடைவெளி என்ற நிலையில் மூணாறிலிருந்து தூத்துக்குடி வரை பெரும்பாலும் இரும்பிலேயே போயிருக்கக்கூடிய ஒரு வழி, நாலே வருஷத்தில் தவறிப்போனது.

போடி ரயிலுக்கும் நல்ல காலம் உடனே வாய்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்து பல வருஷம் கழித்து, 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதையாக மாற்றுவதற்காக நிறுத்தினார்கள். நிறுத்தியது ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்துவிடும் அளவுக்கு நீண்டது. 2022 மே மாதம் தேனி வரை வந்தது. 2023 ஜூன் 15 அன்று போடிக்கு வந்தது. இன்று போடியில் ஏறிச் சென்னைக்குப் போகலாம். நின்றுபோன நிலையங்களைப் பற்றி எழுதுகிற எனக்கு, திரும்ப உயிர் பெற்ற ஒரு நிலையத்தைச் சொல்வதில் எவ்வளவு சந்தோஷம் என்பதை எழுதிக் காட்ட முடியாது. ஏலக்காய் மூட்டையின் வாசனையோடு அந்த ஊர் ரயிலை எத்தனை வருஷம் எதிர்பார்த்துக் கிடந்தது!

மேலே என்ன மிச்சம்? மூணாறில் அன்றைய ரயில் நிலையக் கட்டிடம் பிறகு தேயிலைக் கம்பெனி அலுவலகமானது. மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் போகும் இன்றைய சாலை பெரும்பாலும் பழைய தண்டவாளத்தின் தடத்தை ஒட்டியே போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து கவனித்தால், ஏற்றம் சில இடங்களில் முரட்டுத்தனம் இல்லாமல், எஞ்சினுக்கு மூச்சு வாங்காத அளவில் நிதானமாக ஏறுவதுபோல எனக்குத் தோன்றும்.

நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005இல் திறந்த தேயிலை மியூசியத்தில், குண்டளை ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதைத் தேடிக்கொண்டுதான் நான் போனேன். கூட்டம் முழுக்கத் தேயிலை அரைக்கும் பழைய இயந்திரத்தையும், இலவசமாகத் தரும் டீயையும் சுற்றி நின்றது. சக்கரத்துக்கு முன்னால் யாரும் இல்லை. பெரிய ரயில் சக்கரங்களைப் பார்த்த கண்ணுக்கு அது சின்னதுதான். இரும்பு கறுத்துப்போயிருந்தது. தண்டவாளத்தை விட்டு வழுகாமல் இருக்க உள்பக்கம் ஒரு உதடு இருக்கும் அல்லவா, அதைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டளை வளைவு ஒவ்வொன்றிலும் மொத்த வண்டியையும் பாதையில் பிடித்து நிறுத்தியது அந்த விரல்பருமன் இரும்பு. அதே மியூசியத்தில் 1913இல் செய்த ஒரு கருங்கல் சூரிய கடிகாரமும் இருக்கிறது. செய்த இடம் நாசரேத் கைத்தொழிற்பள்ளி. நமது திருநெல்வேலிச் சீமை. அந்தக் கல் எந்த வழியாக மலையேறியதோ தெரியாது. அந்தக் காலத்தில் தெற்கத்திக் கைவேலை மலையில் போய் உட்கார்ந்ததற்கு அது ஒரு சாட்சி.

கீழ்ப்பக்கம் நிலைமை வேறு. குரங்கணி என்றால் இப்போது எல்லோருக்கும் 2018 மார்ச் 11 நினைவுக்கு வரும். மலையேறப் போன இளம்பிள்ளைகள் காட்டுத்தீயில் சிக்கி மாண்ட நாள். அதற்குப் பிறகு அந்தப் பாதைகளில் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். சென்ட்ரல் ஸ்டேஷன் இன்றும் மலைக்கிராமமாக இருக்கிறது. தேயிலைப் பெட்டி தலைக்குமேல் கடந்துபோன ஊர், பெயரை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டது.

குண்டளைப் பள்ளத்தாக்கில் மறுபடி ரயில் விடலாம் என்று கேரளத்தில் சில வருஷத்துக்கு முன் பேச்சு எழுந்தது. சுற்றுலாவுக்காக என்றார்கள். வந்தால் நல்லதுதான். வருகிறபோது, நிலையத்தில் எங்காவது ஒரு கல்லில், பெட்டி தூக்கியவர்களைப் பற்றியும் நாலு வரி தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வைக்கிறேன்.

கடைசியாகப் போனது போன வருஷம். மூணாறு பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் ஒரு அம்மா நின்றிருந்தார். எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனவர். கையில் ஒரு பை நிறைய முறுக்கு.

"எங்கம்மா போறீங்க?" என்றேன்.

"ஸ்டேசனுக்குத்தான்யா. மகள அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு."

"அங்க அந்தக் காலத்துல ரயில் ஓடுச்சாமே, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"வெள்ளம் வந்துச்சுன்னு எங்க அப்பத்தா சொல்லுவாக. ரயிலப் பத்தி எனக்குத் தெரியாதுய்யா."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார்.

"ஸ்டேசன் ஒண்ணு குடுப்பா."

(தொடரும்)